ஐஸ் கம்பெனிச் சுவர்

மட்டாஞ்சேரி
8 ஜனவரி 2025

அன்புள்ள ராஜா அண்ணனுக்கு,

மகா எழுதுவது. கிழித்துப் போடுவதற்கு முன்னால் முதல் பாராவையாவது படித்துவிடு. நான் ஜெர்மனியிலிருந்து வந்துவிட்டேன். ஊர் சுற்ற அல்ல, வேலையாக. பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, பஜார் ரோட்டில் ஒரு பழைய சுக்குக் கிட்டங்கியில் என்னுடைய புதிய படைப்பு அரங்கேறுகிறது. நான் வயலின், ஷபானா என்றொரு பெண் செல்லோ, பெங்களூரிலிருந்து இன்னும் இரண்டு பேர். ஒரு கலை அறக்கட்டளை கிட்டங்கியைக் கொடுத்து, மேலே தங்க ஒரு அறையும் கொடுத்திருக்கிறது. அப்பா மூட்டை தூக்கிய தெருவில் மகள் ஃபிடில் வாசிக்கப் போகிறாள். அப்பா இருந்தால் சிரித்திருப்பார்.

உன் நம்பருக்கு அடித்தால் போகவே மாட்டேன் என்கிறது. கற்பகம் மைனி நம்பரும் அப்படியே. இரண்டு வருஷமாக இதே கதை. அதனால்தான் தபால். போஸ்ட் ஆபீஸில் இன்லண்டு லெட்டர் கேட்டதற்குக் கவுண்டரில் இருந்த சேச்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள். மலையாளத்தில் எழுதினால் எனக்கு வேகமாக வரும். ஆனால் நாம் இருவரும் மலையாளத்தில் எழுதிக்கொண்டால் அம்மா எங்கிருந்தாலும் வைவாள்.

கிட்டங்கிக்கும் பக்கத்து ஐஸ் கம்பெனிக்கும் ஒரே சுவர். ஹார்பர் போட்டுகளுக்கு அங்கிருந்துதான் ஐஸ் போகிறது. அந்த மெஷினின் முனகல் சுவர் முழுக்க நிற்கிறது. ஷபானா வந்த அன்றே காதைப் பொத்திக்கொண்டாள். நான் வயலினை எடுத்து அதற்குச் சுதி சேர்த்தேன். அதில் இரண்டு குரல் இருக்கிறது அண்ணே. மேலே ஒன்று, அசையவே அசையாது. கீழே ஒன்று, கரகரவென்று. இரண்டும் ஒன்றையொன்று உரசும்போது கிட்டங்கி நடுவில் நின்றால் நெஞ்செலும்பு நடுங்குகிறது. இத்தனை வருஷம் தேடியது இதுதான் என்று தோன்றிவிட்டது. நீ ஏலூர் ஃபேக்டரியில் இந்த மாதிரி மெஷின்களோடுதானே குடித்தனம் நடத்துகிறாய்? அது என்ன இரண்டு குரல் என்று சொல்லேன்.

அம்மா விஷயத்தை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நீ இவ்வளவு கோபப்படுவாய் என்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அம்ருதாவுக்கு முத்தம்.

மகா


ஏலூர்
14 ஜனவரி

மகாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. கற்பகம் கிழிக்க விடவில்லை என்று சொன்னால் இன்னும் சரி.

"தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்" என்று எழுதியிருக்கிறாய். தெரிந்திருக்க வேண்டும். அம்மா ஐசியூவில் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது நீ அவள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாய். கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்து, உன்னைத் தனியே விட்டு நான் வெளியே வந்தேன். நீ தலையணை ஓரத்தில் ஃபோனை வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தாய். அதை நான் எப்படி அறிந்தேன் தெரியுமா? எங்கள் கேன்டீனில் ஒருவன், "சாரே, தங்கச்சிக்கு ஜெர்மனியில அவார்டு கிட்டியல்லோ" என்று சந்தோஷமாக ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டான். தட்டில் கப்பக்கிழங்கும் மீன்கறியும் இருக்கிறது. வயலின்களுக்கு நடுவே அம்மாவின் மூச்சு ஓடுகிறது. எனக்கு அது எந்த மூச்சு என்று தெரியும். நான் சாப்பிடாமல் கை கழுவிவிட்டு வந்தேன்.

ஆகவே எழுத்து மட்டும்தான். ஃபோனிலும் பேச மாட்டேன், நேரிலும் பேச மாட்டேன். என் குரல் உன் கையில் கிடைக்க வேண்டாம்.

மெஷினைப் பற்றிக் கேட்டாய். அது அமோனியா கம்ப்ரசர். அசையாத குரல் கரண்டு மோட்டாருடையது. கீழ்க்குரல் கம்ப்ரசருடையது. மோட்டார் பெல்ட் போட்டு அதைச் சுற்றுகிறது. அவ்வளவுதான். மூக்கில் நெடி ஏறினால் ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடு. மேலே உன் அறைக்கு ஓடாதே. அந்த வாயு மேலே ஏறும்.

பொங்கல் வாழ்த்து. கற்பகம் சொல்லச் சொன்னாள்.

இசக்கிராஜா


மட்டாஞ்சேரி
22 ஜனவரி

அண்ணே,

திட்டியிருந்தாலும் நீ எழுதினாய். நான் அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். இதைச் சொன்னால் அதற்கும் திட்டுவாய். பரவாயில்லை.

உன்னிடம் ஒன்று சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கீழ்க்குரல் இறங்குகிறது! நான் வந்தபோது மேல்குரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது அரை ஸ்வரத்துக்கும் கீழே போய்விட்டது. ஒவ்வொரு நாள் காலையும் வயலினின் கடைசித் தந்தியை அதற்கேற்பத் தளர்த்துகிறேன். எழுதி வைத்திருந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது முழுப் படைப்பும் இந்த இறக்கம்தான். ஒருத்தி நின்ற இடத்தில் நிற்கிறாள், இன்னொருத்தி அவளை விட்டு மெல்ல மெல்ல விலகிப் போகிறாள். என்ன நடக்கிறது என்று கேட்கிறவர்களுக்குப் புரியாது, ஆனால் எழுந்து போகவும் முடியாது.

போன வாரம் ஒரு மெக்கானிக் பெல்ட்டும் பேரிங்கும் மாற்ற வந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. முதலாளியிடம் போய்க் கெஞ்சினேன், பிப்ரவரி 23 வரைக்கும் மெஷினில் கை வைக்காதீர்கள் என்று. அறக்கட்டளைக்காரர்கள் சொன்னதால் அவரும் சரியென்றார். மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் நம் ஆள்தான், ஒச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கம். "எம்புட்டு வருசமா இதுகூடக் கெடக்கேன் தங்கச்சி, ஒரு பய இது சத்தத்த நல்லாருக்குன்னு சொன்னதில்ல" என்று சாயா வாங்கிக் கொடுத்தார்.

நேற்றிலிருந்து புதிதாக ஒன்று வந்திருக்கிறது. உள்ளேயிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி, டக், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, டக் டக். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதற்காகவே காத்திருந்து காத்திருந்து வாசிக்க மறந்துவிடுகிறேன். அதை ஷபானாவின் செல்லோவுக்குக் கொடுத்திருக்கிறேன்.

23ஆம் தேதி ஜெர்மனியிலிருந்து ஒரு இசைக் குழுவின் இயக்குநர் அம்மாள் வருகிறாள். அவளுக்குப் பிடித்தால் மூன்று வருஷம் அவர்களுக்கு நான் இசையமைப்பாளர். பிடிக்காவிட்டால் பழையபடி ரிசார்ட்டில் இறால் தின்கிறவர்களுக்கு சினிமாப் பாட்டு வாசிக்க வேண்டியதுதான். எனக்கு முப்பது ஆகப் போகிறது. மூன்றாவது வாய்ப்பெல்லாம் இந்தத் துறையில் யாரும் தருவதில்லை.

உன் மகா


ஏலூர்
27 ஜனவரி

மகா,

உடனே முதலாளியிடம் சொல்லி மெஷினை நிறுத்தச் சொல். மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிடச் சொல். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைச் செய்.

நான் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன். உனக்கும் அப்படியே சொல்லித் தருகிறேன், அப்போதாவது புரிகிறதா பார்ப்போம். உன் கீழ்க்குரல் ஏன் இறங்குகிறது? பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, பேரிங் தேய்ந்து இறுகுகிறது. மோட்டார் அதே வேகம், கம்ப்ரசர் வேகம் குறைவு. பெல்ட்டை எவ்வளவு தளர்த்துகிறோமோ அவ்வளவுக்கு அந்தக் குரல் கீழே போகும்.

அந்த 'டக்' அதைவிட மோசம். கம்ப்ரசருக்கு ஆவியை அழுத்தத்தான் தெரியும். திரவத்தை அழுத்த முடியாது. ஐஸ் தொட்டிக்கு அமோனியாவை விடுகிற வால்வு ஒன்று இருக்கும், கையால் திருப்புவது. அது அளவுக்கு மேல் திறந்திருந்தால் திரவம் ஆவியாக நேரமில்லாமல் அப்படியே திரும்பி வந்து பிஸ்டனில் மோதும். அதைத்தான் நீ செல்லோவுக்குக் கொடுத்திருக்கிறாய். ஒரு நாள் மோதல் பலமாக விழுந்தால் கம்ப்ரசரின் தலை பிளக்கும். பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்ற பேச்சே இல்லை. அந்த வாயு முதலில் ஈரத்தைத் தேடிப் போகும். கண், தொண்டை, நுரையீரல். நான் பார்த்திருக்கிறேன். எழுத விருப்பமில்லை.

நீயும் நானும் சேவியர் மாஸ்டரிடம் ஒன்றாகத்தான் சர்ச் கொயரில் வயலின் படித்தோம். என் காதும் மோசமில்லை. உனக்கு அந்தச் சத்தம் அழகாக இருக்கிறது என்றால் எனக்குப் புரிகிறது. ஆனால் மெஷின் உன்னிடம் பாடவில்லை, ஆளைக் கூப்பிடுகிறது.

ராஜா


மட்டாஞ்சேரி
1 பிப்ரவரி

அண்ணே,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எழுதினால் இப்படி எழுத வேண்டும். பயந்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஒச்சப்பன் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "ஏலூர்ல இருக்கிறவுகளுக்கு எதப் பாத்தாலும் பயம்தேன்" என்றார். இந்த டக் டக் அவர் பல தடவை கேட்டதுதானாம். வந்தால் வால்வைக் கொஞ்சம் மூடுவாராம், நின்றுவிடுமாம். இப்போது எனக்காக மூடாமல் வைத்திருக்கிறார்.

உனக்கு எதைப் பார்த்தாலும் விபத்து. சின்ன வயதில் ஜங்கார் படகில் ஃபோர்ட் கொச்சி வரை போவதற்குக்கூட என் கையை நசுக்கிப் பிடித்திருப்பாய். மூன்று வாரம் பொறு. பிறகு மெஷினைப் பிரித்து ஆற்றிலேயே போடட்டும்.

நீ வாசிப்பதை விட்டுவிட்டாய். நான் விடவில்லை. அதற்காக என்னை இப்படி நடுவழியில் நிறுத்தப் பார்க்காதே.

மகா


ஏலூர்
6 பிப்ரவரி

மகா,

நான் வந்திருந்தேன் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நீ ஒத்திகைக்கு எர்ணாகுளம் போயிருந்தாய். அறக்கட்டளை ஆபீஸுக்கு ஃபோன் போட்டு அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

முதலாளியிடம் என் கம்பெனி அடையாள அட்டையைக் காட்டினேன். ஏலூர் கேட்டைத் தாண்டினால் அந்த அட்டைக்கு ஒரு மதிப்பும் இல்லை. அது அவருக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. ஆலுவாவிலிருந்து எனக்குப் பழக்கமான மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்திருந்தேன். பெல்ட் புதிது, பேரிங் புதிது, வால்வையும் சரியான அளவுக்குத் திருப்பி வைத்தாயிற்று. பழைய பேரிங்கைத் தொட்டுப் பார்த்தேன், உள்ளே பொடிப்பொடியாக உதிர்ந்தது. உன் ஒச்சப்பன் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார், கண் இரண்டும் மிளகாய் நிறம். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். "பழகிருச்சு சாரே" என்கிறார். வாயு ஏற்கனவே கசிகிறது என்று அர்த்தம். உன்னிடம் அவர் சொல்லவில்லையா, சொல்லியும் நீ எழுதவில்லையா என்று நான் கேட்கப் போவதில்லை.

உன் கிட்டங்கிக்குள்ளும் போனேன். மேஜையில் நீ எழுதிய தாள்கள் இருந்தன. படித்தேன். இசைக்குறிப்புப் படிக்க எனக்கு இன்னும் மறக்கவில்லை. நன்றாக இருந்தது. அதற்கு மேல் நின்றால் மெக்கானிக்கை நானே திருப்பி அனுப்பியிருப்பேன் என்று பயமாக இருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

ராஜா


மட்டாஞ்சேரி
9 பிப்ரவரி

கொன்றுவிட்டாய்.

இப்போது மெஷின் ஃபேன் ஓடுகிற மாதிரி ஓடுகிறது. இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு, சொல்ல ஒன்றுமில்லாமல். ஷபானா சந்தோஷமாக இருக்கிறாள், காது வலிக்கவில்லையாம். எனக்கு நாற்பது நிமிட இசை இருக்கிறது, அது சாய்ந்து நிற்க ஒரு சுவர் இல்லை.

என் தாள்களைப் படித்தாயாம், நன்றாக இருந்ததாம். நன்றாக இருந்தது என்று தெரிந்தே செய்தாய். நான் அம்மாவிடம் கேட்காமல் எடுத்தேன் என்று இரண்டு வருஷம் என்னைத் தள்ளி வைத்தாய். நீ என்னிடம் கேட்டா வந்தாய்?

இனி எழுதாதே.


ஏலூர்
12 பிப்ரவரி

மகா,

எழுதாதே என்றாய். ஒரு யோசனைக்காக எழுதுகிறேன்.

உன்னிடம் பதிவு இருக்குமே. எதையும் பதிவு செய்யாமல் விடுகிறவளா நீ? பழைய சத்தத்தை நல்ல ஸ்பீக்கர்களில் சுவர் ஓரமாக ஒலிக்க விடு. ஜெர்மன் அம்மாளுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது? நான் இதைச் சொல்வேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் சொல்கிறேன், பதிவை வைத்து வாசி.

நீ கேட்டது நியாயம்தான். கேட்காமல் வந்தேன். நீ உயிரோடு இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது.

அண்ணன்


மட்டாஞ்சேரி
16 பிப்ரவரி

அண்ணே,

கார்டில் இடம் கொஞ்சம்தான். கோபம் தீர்ந்துவிட்டது. நீ சொன்னதுதான் வழி காட்டியது. நிகழ்ச்சி நடக்கும், நான் நினைத்தபடியே நடக்கும். அழைப்பிதழ் தனியே அனுப்பியிருக்கிறேன். மைனியையும் அம்ருதாவையும் கட்டாயம் கூட்டி வா. நீ பேச வேண்டாம். வந்து கேட்டால் போதும்.

மகா


மட்டாஞ்சேரி
20 பிப்ரவரி

என் அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இது உனக்குக் கிடைக்குமோ என்னவோ. கிடைக்காவிட்டாலும் நேரில் கேட்கும்போது புரிந்துகொள்வாய். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ நாளாகிறது.

உன் ஸ்பீக்கர் யோசனையைச் செய்து பார்த்தேன். வீடியோ காலில் இயக்குநர் அம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். சுவரைப் பற்றி முன்பே அவளுக்கு எழுதியிருந்தேன். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "சுவர் எங்கே?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், எனக்குக் கூசிப் போயிற்று. ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது, நடுக்கம் வரவில்லை. பதிவு செய்ததற்கு எலும்பில் ஏறத் தெரியாது.

அன்றைக்கு உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அதில் எல்லாமே இருக்கிறது அண்ணே! பெல்ட்டை எவ்வளவு தளர்த்தினால் குரல் அவ்வளவு இறங்கும். வால்வைக் கூடுதலாகத் திறந்தால் டக் டக் வரும். நானாக இருந்தால் ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். நேரே ஒச்சப்பன் அண்ணனிடம் போய் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முதலில் தயங்கினார். தலை பிளக்கும் என்று நீ எழுதியிருந்ததையும் மறைக்காமல் படித்தேன். கம்ப்ரசரை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். "பழைய பேரிங்குக்குத்தான் பயம் தங்கச்சி, இப்பத்தான் எல்லாம் புதுசாச்சே. உங்கண்ணன் புண்ணியத்துல தாங்கும்" என்றார்.

அதனால் இப்போது எல்லாம் நம் கையில். மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பெல்ட்டை நான் கேட்கிற ஸ்வரத்துக்கு இறக்கித் தருகிறார். முன்பெல்லாம் டக் டக் அதன் இஷ்டத்துக்கு வந்தது. இனி நான் சுவரில் வில்லால் தட்டினால் வால்வைத் திறப்பார். ஒத்திகையில் இரண்டு தடவை செய்தோம். இரண்டாவது தடவை அடி பலமாக விழுந்ததில் ஷபானா வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அன்றைக்குக் கடைசியில் லேசாக நெடி வந்தது, எல்லோரும் இருமினோம். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் மட்டும்தான், அதுவும் முழுவதும் திறந்து. முதலாளி அன்றைக்கு ஊரில் இல்லை. பஜார் ரோட்டு லாரிச் சத்தம் உள்ளே வராமல் இரண்டு வாசலையும் சாத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நிகழ்ச்சிக் குறிப்பில், 'கம்ப்ரசர்: ஒச்சப்பன்' என்று எங்கள் நான்கு பேர் பெயருக்குக் கீழே போட்டிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு மனுஷன் அழுதுவிட்டார். சம்சாரத்துக்குக் காட்ட இரண்டு தாள் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசி வரியில் உனக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். நீ இல்லாமல் இது இல்லை.

மகா


ஏலூர்
21 பிப்ரவரி

அன்பு மகா,

இந்தக் கடிதம் வருவதற்குள் நாங்களே உன் வாசலில் வந்து நின்றாலும் நிற்போம். ஆனாலும் எழுத வேண்டும் போலிருந்தது.

உன் கார்டு வந்த அன்று கற்பகம் பாயசம் வைத்தாள். எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். யாரும் முதல் தடவை சொல்லிக் கேட்டதில்லை, கை சுட்ட பிறகுதான் கேட்பார்கள். நீ கேட்டாய். அதுவும் உனக்கு உயிரான ஒன்றை விட்டுக்கொடுத்துக் கேட்டாய். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

நேரிலும் பேச மாட்டேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வேண்டுமானால் பதிவு செய்துகொள்.

அழைப்பிதழ் கிடைத்தது. நாற்காலி கிடையாது, எல்லோரும் தரையில் ஐஸ் கம்பெனிச் சுவரில் சாய்ந்து உட்கார வேண்டும் என்று போட்டிருக்கிறது. கற்பகத்துக்கு இடுப்பு வலி, அவள் முனகுகிறாள். அம்ருதாவுக்குக் குஷி தாங்கவில்லை. முன்பு நானும் கற்பகமும் பேசிக்கொண்டது அவள் காதில் எப்போதோ விழுந்திருக்கிறது போல. "அந்த மெஷின் வெடிக்குமா அப்பா?" என்று காலையில் கேட்டாள். அப்பா போய்ச் சரிபண்ணியாச்சு, நீ பயப்படாமல் சுவரில் சாய்ந்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணன்
ராஜா